உட்பிரிவு ஒன்பது

பெயரைச் சொல்ல மாட்டேன்.
தொகையைச் சொல்ல மாட்டேன்.
கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

ஆகவே இதை மீன்பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்:
காக்கி புக்கிட்டில் ஐந்தாம் மாடி,
சரக்கு மின்தூக்கிக்கு எதிரே ஒரு கூடம்,
நான், பூன் சியோங், எங்கள் இருவர் வீட்டுக் கடனும்.
பெட்டிக்குள் கட்டைவிரல் அளவில் ஒரு கருவி.
பனிக்கட்டி கரைந்து மீனுக்குச் சூடேறினால்
லாரி ஓட்டுநரின் கைப்பேசி அலறும்.
மூன்று வருட வேலை. முதல் நாற்பது கருவிகள்
உப்புநீர் குடித்துச் செத்தன.
நாற்பத்தொன்றாவதை
நகப்பூச்சு தடவிப் பிழைக்க வைத்தாள் ஹிதாயா.

கடிதம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது.
கனமான தாள். மிக மரியாதையான ஆங்கிலம்.
'ஓர் அளவு எல்லை மீறுவதைத்
தொலைவிலுள்ள நபருக்குத் தெரிவிக்கும் முறை'
அவர்களுக்குச் சொந்தமாம்.
அப்படியென்றால்
அடுப்பில் பால் பொங்குகிறதென்று
சமையலறையிலிருந்து கத்துகிறானே என் மகன்,
அவனும் நஷ்டஈடு தர வேண்டும்.
சிரித்தோம்.
கடைசிப் பத்தியில் பதினான்கு நாள் என்றிருந்தது.
பூன் சியோங் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
துடைத்துக்கொண்டே இருந்தார்.

யார் இவர்கள் என்று தேடினோம்.
கருவி இல்லை. கடை இல்லை. பட்டறை இல்லை.
ஒரு மதியம், மழை இறங்குமுன்,
கடிதத்திலிருந்த முகவரிக்கே போனேன்.
வரவேற்பில் ஒரு பெண்,
நாற்பது கம்பெனிகளுக்கும் ஒரே குரல்.
சுவர் முழுக்கத் தபால் பெட்டிகள். அவர்களுடையது
என் உள்ளங்கை அகலம்.
'யாரைப் பார்க்க வேண்டும்?'
அதைத்தான் நானும் கேட்க வந்திருந்தேன்.
ஒரு பெரியவர் பிளாஸ்டிக் செடிக்குத்
தூசு துடைத்துக்கொண்டிருந்தார், இலை இலையாக.
அந்த முகவரியில் உழைப்பதாக
நான் கண்ட ஒரே ஆள்.

வைக்கோற்போர் நாயாவது குரைக்கும்.
இது பில் அனுப்பும்.

எங்கள் வழக்கறிஞர் நல்லவர். சுற்றி வளைக்கவில்லை.
'போராடினால் ஜெயிக்கலாம்.
இதே யோசனை ஒரு பழைய குளிர்பெட்டிக் கையேட்டில்
எப்போதோ அச்சாகியிருக்கிறது.
நிரூபிக்கலாம். இரண்டு வருடம் ஆகும்.'
பிறகு ஓர் எண்ணை எழுதித்
தாளை என் பக்கம் திருப்பினார்.
அதற்குக் கீழே அவர்கள் கேட்ட எண்.
பெரியதில்லை. அதுதான் கொடுமை.
எங்களால் தாங்க முடிந்ததற்கு
ஒரு விரற்கடை உள்ளே நிற்கும்படி,
ரவிக்கைத் துணி வெட்டுவதுபோல்,
அளந்து வெட்டியிருந்தார்கள்.

நியாயம் எங்கள் பக்கம்தான் இருந்தது.
மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு இருந்தது.

கொடுத்தோம்.
எவ்வளவு என்று கேட்காதீர்கள்.
தடுப்பூசிப் பெட்டிக்கென்று வரைந்த கருவி
பூன் சியோங்கின் இழுப்பறையில் காகிதமாகவே கிடக்கிறது.
ஹிதாயா இப்போது சாங்கியில்
அடுத்தவர் பயணப்பெட்டிகளை எடைபோடுகிறாள்.
கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

உட்பிரிவு ஒன்பது:
இதைப் பற்றி எவரிடமும் எக்காலத்தும் பேசலாகாது.
ஊமை கண்ட கனவுக்குச்
சாட்சிக் கையெழுத்து இரண்டு.

நேற்று மாலை மின்தூக்கிக்குக் காத்திருந்தேன்.
பாவ் வேகவைக்கும் அடுப்பு செய்கிற
எதிர்க்கூடத்துத் திரு சியா வந்து நின்றார்.
ஆவி குறைந்தால் கடைக்காரருக்குச் செய்தி போகும்,
அப்படி ஓர் அடுப்பு;
புத்தாண்டுக்கு எனக்குக் காட்டி மகிழ்ந்தது.
கிரீஸ் கறை படாமல் இரு விரலால்
ஒரு தாளைப் பிடித்திருந்தார்.
கனமான தாள்.
'இந்த மாதிரி எதுவும் உங்களுக்கு வந்ததா?'

மின்தூக்கி திறந்தது. மூடியது.
மழை வரும்போலிருக்கிறது என்றேன்.

எங்களுக்கு நடுவே இரண்டடி.
அளவு எப்போதோ எல்லை மீறிவிட்டது.
தெரிவிக்கும் முறை
அவர்களுக்குச் சொந்தம்.